எய்பார்: துப்பாக்கி செய்த ஒரு ஊரும், டிஃபென்ஸ் ஆர்டருக்குக் காத்திருக்கும் நம்ம பட்டறைகளும்

கோயமுத்தூரில் இப்போது எந்தத் தொழில் சங்கக் கூட்டத்துக்குப் போனாலும் டிஃபென்ஸ் ஆர்டர் பேச்சு இல்லாமல் முடிவதில்லை. 2018 மத்திய பட்ஜெட்டில் அறிவித்து 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கி வைத்த பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், சேலம், திருச்சியோடு கோவையும் ஒரு முனை. நம்ம சிறுதொழில் சங்கமான கொடிசியா இதற்கென்றே ஒரு மையம் வைத்திருக்கிறது, சூலூர் பக்கம் வாரப்பட்டியில் தொழிற்பூங்காவுக்கு நிலம் எடுக்கிறார்கள், நேற்று வரை பம்ப் பாடி கடைந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் ராணுவ டெண்டர் படிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். நல்லதுதான். நான் வேலை பார்ப்பதும் ஆவாரம்பாளையத்தில் இப்படி ஒரு மெஷின் ஷாப்பில்தான், பீஸ்களை அளந்து பாஸ் பண்ணுகிற வேலை. ஆனால் இந்த வழியில் நமக்கு முன்னால் போய், ஏறி, விழுந்து, மறுபடியும் எழுந்து நின்ற ஒரு ஊர் இருக்கிறது. அந்த ஊரின் கதையை நம்ம ஷாப்காரர்கள் தெரிந்துகொள்ளாமல் இதில் இறங்கக் கூடாது என்று எனக்குப் பலமாகத் தோன்றுகிறது.

ஊர் பெயர் எய்பார். ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் நாட்டில் கிபுஸ்கோவா மாகாணத்தில் இருக்கிறது. ஜனத்தொகை ஏறக்குறைய 27,000, நம்ம சூலூர் அளவுதான். இரண்டு பக்கமும் மலை நெருக்க, நடுவில் ஏகோ என்ற சின்ன ஆறு. சமதளமே கிடையாது, அதனால் பட்டறைகளைப் பக்கவாட்டில் விரிக்க முடியாமல் மாடி மேல் மாடியாகக் கட்டினார்கள், லேத்தும் பாலிஷிங்கும் மூன்றாவது நாலாவது மாடியில் ஓடின. மலையில் இரும்புத் தாது, காட்டில் கரி, ஆற்றில் சக்கரம் சுற்றத் தண்ணீர், கொஞ்ச தூரத்தில் கடல். 15ஆம் நூற்றாண்டிலிருந்தே அங்கே ஆயுத வேலை நடந்திருக்கிறது.

16ஆம் நூற்றாண்டில் பக்கத்து ஊரான பிளசென்சியாவில் (இன்று சொரலூசே என்கிறார்கள்) ஸ்பெயின் அரசர் பெயரில் ஒரு ஆயுத ஆலை வந்தது. ஆலை என்று பெயர்தானே தவிர, வேலை நடந்ததெல்லாம் சுற்றுப்பட்டு ஊர்களில் வீட்டோடு இருந்த பட்டறைகளில். குழாய் அடிக்கிறவர்கள் ஒரு கூட்டம், விசைப்பொறி செய்கிறவர்கள் ஒரு கூட்டம், மரக்கட்டை செதுக்குகிறவர்கள் ஒரு கூட்டம், மிச்ச உறுப்புகளுக்கு ஒரு கூட்டம் என்று நாலு சங்கம். ஒருத்தர் செய்ததை இன்னொருத்தர் வாங்கி அடுத்த வேலையைச் செய்வார், கடைசியில் ஆலைக்குப் போய் ஒன்றாகச் சேரும். இதைப் படித்தபோது எனக்கு வேறு எந்த நாடும் ஞாபகத்துக்கு வரவில்லை. நம்ம ஊரில் ஒரு பம்ப்புக்குப் பேட்டர்ன் ஒருத்தர், கணபதியில் பவுண்டரிக்காரர் ஒருத்தர், டர்னிங் ஒருத்தர், வைண்டிங் ஒருத்தர், பெயின்ட் அடிக்க ஒருத்தர் என்று டெம்போவில் ஏற்றி ஏற்றி ஊரைச் சுற்றுகிறோமே, அதே ஜாப் ஒர்க் ஏற்பாடுதான், முந்நூறு நானூறு வருஷம் முன்னால்.

19ஆம் நூற்றாண்டில் ரிவால்வர் காலம் வந்தது. 1840-ல் தொடங்கிய ஒர்பேயா குடும்ப நிறுவனம் அமெரிக்க ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரைப் பார்த்து அதே மாதிரி செய்து விற்றது. வெளிநாட்டுக்காரர் தன் கண்டுபிடிப்பை ஸ்பெயினுக்குள்ளேயே தயாரிக்காவிட்டால் காப்புரிமை செல்லாது என்று அந்தக் காலச் சட்டம் இருந்ததால், ஊரே நகல் எடுக்கக் கற்றுக்கொண்டது. அதே ஊரில்தான் பிளாசிதோ சுலோவாகா என்பவர் இரும்பின் மேல் தங்கக் கம்பியை அடித்துப் பதிக்கும் வேலையை உலகம் வியக்கிற அளவுக்குக் கொண்டுபோனார். மலிவு நகலும் உயர்ந்த கைவேலையும் ஒரே தெருவில் இருந்தன.

ரூபி: ஊரை உயர்த்திய ஆர்டர்

இந்தக் கதையின் மையம் 1915 முதல் 1918 வரை. முதல் உலகப் போரில் பிரெஞ்சு ராணுவத்துக்குக் கைத்துப்பாக்கி போதவில்லை. எய்பார் பகுதியில் கபிலொந்தோ ஒய் உரெஸ்தி என்ற நிறுவனம், பிரௌனிங் 1903 மாடலை ஒட்டி ரூபி என்ற 7.65 மி.மீ. துப்பாக்கியைச் செய்துகொண்டிருந்தது. 1915-ல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து மாதம் 10,000 வேண்டும் என்றார்கள், கொஞ்ச நாளிலேயே அது 30,000 ஆனது. அந்த நிறுவனத்தால் தனியாக அதில் ஒரு பங்கைக்கூடச் செய்ய முடியாது. என்ன செய்வார்கள்? முதலில் சில பக்கத்துப் பட்டறைகளோடு ஒப்பந்தம் போட்டார்கள், அது போதாமல் இன்னும் பல பேருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள், அப்புறம் பிரெஞ்சு அதிகாரிகளே நேராகப் பட்டறை பட்டறையாகப் போய் வாங்க ஆரம்பித்தார்கள். கடைசியில் பல டஜன் கம்பெனிகள், தங்கள் தங்கள் பெயரில், ஒரே துப்பாக்கியை லட்சக்கணக்கில் செய்தன. இத்தாலிக்காரர்களும் வாங்கினார்கள். ஊரில் சும்மா இருந்த கை ஒன்றுமில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அத்தனை பேரும் செய்தது ரூபிதான், பார்க்க ஒன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு கம்பெனியின் மேகசின் (தோட்டா அடைத்துச் செருகும் கூடு) இன்னொரு கம்பெனியின் துப்பாக்கியில் சரியாக உட்காராது. எல்லோரும் ஒரே டிராயிங்கை வைத்து, ஒரே கேஜில் (அளவு சரிதானா என்று பார்க்கும் கருவி) அளந்து செய்யவில்லை. மாதிரிப் பீஸைப் பார்த்து அவரவர் அரத்தால் அடித்துப் பொருத்தியதுதான் பாதி. போர்முனையில் ஒருவன் மேகசினை இன்னொருவனுக்குக் கொடுத்தால் வேலை செய்யாது. இதைச் சமாளிக்கவே துப்பாக்கியிலும் மேகசினிலும் எந்தப் பட்டறையுடையது என்று தெரிய இரண்டெழுத்துக் குறி குத்தினார்கள். கபிலொந்தோவுக்கு ஜி.யு., இப்படி ஒவ்வொருவருக்கும் ஒன்று. இன்றைக்கும் பழைய ஆயுதம் சேகரிக்கிறவர்கள் அந்த எழுத்தைத்தான் முதலில் தேடுவார்கள். இரும்பும் எல்லோரிடமும் ஒரே தரம் இல்லை. சில பட்டறைகளின் உள் உறுப்புகள் மென்மையாக இருந்து சீக்கிரம் தேய்ந்தன. உறையில் செருகும்போது பாதுகாப்புப் பூட்டு தானாக நகர்ந்துவிடுகிறது என்று புகார் வந்து, அதைத் தடுக்க ஸ்லைடில் ஒரு சின்னக் குமிழ் வைக்க வேண்டியிருந்தது.

கேஜ் விஷயம் கேட்பதற்குச் சின்னதாகத் தெரியும். எங்கள் ஷாப்பில் ஒரு டிஃபென்ஸ் சப்ளையருக்கு டிரையல் லாட்டாகத் திரெட் போட்ட புஷ் (உள்ளே மரை வெட்டிய வளையம்) செய்தோம். அளவு சரியென்றால் உள்ளே இறங்க வேண்டிய எங்கள் கோ கேஜ் ஒவ்வொன்றிலும் பட்டுப் போல இறங்கியது, இறங்கக் கூடாத நோ-கோ கேஜ் இறங்காமல் நின்றது, பாஸ். அங்கே போனதும் அதே பீஸில் அவர்கள் கோ கேஜ் பாதியில் நின்றுவிட்டது. பெட்டி திரும்பி வந்தது. டர்னர் அண்ணன் ஒரு பீஸை எடுத்து மண்ணெண்ணெயில் கழுவி, பனியன் துணியில் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, நம்ம கேஜ்ல போகுது, அவங்க கேஜ்ல போகலீன்னா, தப்பு பீஸ்லயா கேஜ்லயா?" என்றார். "ரெண்டு கேஜையும் ஒரே எடத்துல குடுத்து அளந்துட்டு வந்தரலாங்ண்ணா" என்றேன். அப்படியே செய்தோம். இரண்டும் வேறு வேறு இடத்தில் காலிபரேட் ஆனவை, அதாவது வேறு வேறு மூல அளவோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தவை, இரண்டுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத சில மைக்ரான்தான், ஆனால் டாலரன்ஸே, அதாவது அளவில் கூடக் குறைய விட்ட இடமே, அவ்வளவுதான். ஒரு பெட்டி புஷ்ஷுக்கே இவ்வளவு அலைச்சல் என்றால், பல டஜன் பட்டறைகள் மாதம் முப்பதாயிரம் துப்பாக்கி அனுப்பிய ஊரில் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

1918-ல் போர் நின்றது, ஆர்டரும் நின்றது. ரூபிக்காகவே மெஷின் வாங்கி, ரூபிக்காகவே ஆள் எடுத்த பட்டறைகள் அடுத்த சில வருஷங்களில் வரிசையாக மூடின. யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல இதில் ஒன்றுமில்லை. வாங்குகிறவன் ஒருத்தன், அவனுக்குத் தேவை தீர்ந்தது, அவ்வளவுதான். ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் விலை ஏறிய வருஷம் இருக்கிற காடு முழுக்க மஞ்சள் வைத்துவிட்டு அடுத்த வருஷம் தலையில் கை வைக்கிற வேலைதான் இதுவும்.

விழுந்த பிறகு என்ன செய்தார்கள்

என்னை இந்த ஊரோடு கட்டிப்போட்டது இந்தப் பகுதிதான்.

ஒரு கூட்டம் துப்பாக்கியிலேயே வேறு சந்தை தேடியது. 1920-களில் சீனாவில் படைத்தலைவர்கள் ஆளுக்கு ஒரு மூலையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், அங்கே ராணுவ ரைபிள் விற்கச் சர்வதேசத் தடை இருந்தது, மவுசர் மாதிரி மரக்கட்டை மாட்டும் பெரிய பிஸ்டல் அந்தத் தடையின் இடுக்கில் புகுந்து போனது. எய்பார்க்காரர்கள் அதைச் செய்து கப்பல் ஏற்றினார்கள். அதில் ஒன்று பெய்ஸ்தெகி சகோதரர்களின் கம்பெனி. 1909-ல் துப்பாக்கிக்காகத் தொடங்கியது, 1923 வாக்கில் பக்கவாட்டில் சைக்கிளும் செய்யத் தொடங்கிவிட்டது. சீனச் சந்தை மூடியது, சைக்கிள் நிலைத்தது. பி.எச். என்று இன்றைக்கும் ஐரோப்பாவில் ஓடுகிற சைக்கிளின் அந்த இரண்டெழுத்து அவர்கள் பெயர்தான். ஒர்பேயாவும் 1930 வாக்கில் சைக்கிளுக்கு மாறியது; இன்று டூர் டி பிரான்ஸில் அந்தப் பெயரைப் பார்க்கலாம், நூற்றாண்டு ரிவால்வர் வரலாறு அதற்குப் பின்னால் இருக்கிறது என்று வண்டி ஓட்டுகிற பாதிப் பேருக்குத் தெரியாது. இன்னொரு துப்பாக்கிக் கம்பெனியான ஜி.ஏ.சி. சைக்கிளுக்குப் போய், பிறகு பிரெஞ்சு லைசென்ஸில் மோபிலெட் மொபெட் செய்தது.

ஏன் சைக்கிள்? குழாய் வேலை தெரியும், பித்தளை வைத்துப் பற்றவைக்கத் தெரியும், சின்ன உறுப்பை அடித்து, ராவி, நிக்கல் முலாம் பூசத் தெரியும். பழைய கைகள், பழைய மெஷின்கள், புதிய சாமான்.

இன்னொரு கதை அல்ஃபா. 1920-ல் ஒரு நீண்ட வேலைநிறுத்தத்தின் பின்னால் துப்பாக்கித் தொழிலாளர்களே சேர்ந்து கூட்டுறவாக ஆரம்பித்தது. முதலில் ரிவால்வர்தான் செய்தார்கள். விற்பனை சரிந்ததும் அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே தையல் மெஷினுக்கு மாறினார்கள், அந்தப் பெயர் இன்னும் ஸ்பெயின் வீடுகளில் இருக்கிறது. துப்பாக்கியின் விசைப்பொறியைத் துல்லியமாகச் செய்தவனுக்குத் தையல் மெஷினின் ஷட்டில் பெரிய கஷ்டமில்லை.

இதெல்லாம் நடக்க இரண்டு பொதுச் சொத்துக்கள் ஊரில் தயாராக இருந்தன. ஒன்று பள்ளிக்கூடம். 1913-லேயே, அதாவது ரூபிக்கு முன்னாலேயே, எய்பாரில் ஆயுதத் தொழிற்பள்ளி திறந்துவிட்டது. அப்பன் பட்டறையில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட பையனுக்கு டிராயிங் படிக்கவும், அளவெடுக்கவும், மில்லிங் மெஷின் ஓட்டவும் அங்கே கற்றுக்கொடுத்தார்கள். துப்பாக்கி போனாலும் பள்ளிக்கூடம் போகவில்லை. அதே பெயரோடு இன்றும் ஒரு பாலிடெக்னிக்காக ஓடுகிறது. இரண்டாவது சோதனைச் சாலை. ஒவ்வொரு துப்பாக்கியையும் வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவால் சுட்டுப் பார்த்து, தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள். 1920-களில் இது சட்டப்படி கட்டாயமானது, 1927 முதல் எந்த வருஷத்துச் சோதனை என்று காட்டும் எழுத்தும் சேர்ந்தது. மட்டமான சரக்கால் கெட்ட ஊர்ப் பெயரை அந்த முத்திரைதான் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டது. தனிப் பட்டறை எதுவும் இதைச் சொந்தமாக வைத்துக்கொள்ள முடியாது, வைத்துக்கொண்டாலும் அவன் முத்திரையை அடுத்தவன் நம்ப மாட்டான்.

1937-ல் உள்நாட்டுப் போரில் ஊர் குண்டுவீச்சில் நொறுங்கியது. அந்தப் போரில் ஜெயித்த சர்வாதிகாரி பிராங்கோ வந்த பிறகு கைத்துப்பாக்கி செய்ய மூன்றே கம்பெனிகளுக்கு அனுமதி: அஸ்த்ரா, ஸ்டார், லாமா. லாமா என்பது பழைய கபிலொந்தோதான். போட்டியில்லாத ராஜாக்களாகப் பல பத்தாண்டு இருந்தார்கள். போலீஸ், ராணுவ ஆர்டர் குறைந்ததும், கடன் ஏறியதும், அஸ்த்ராவும் ஸ்டாரும் 1997-ல் மூடின, லாமாவும் அப்புறம் நிற்கவில்லை. அரசாங்கம் கைகொடுத்துக் காத்த மூன்றும் போயின, அதற்கு முன்னாலேயே சைக்கிளுக்கும் தையல் மெஷினுக்கும் போனவர்களின் பெயர்கள் நிற்கின்றன. இதை இரண்டு தடவை படித்துப் பாருங்கள் என்று நம்ம ஷாப்காரர்களிடம் சொல்லத் தோன்றுகிறது.

வேட்டைத் துப்பாக்கிக்காரர்களுக்கு வேறு பாடம். 1980-களில் சின்னச் சின்ன ஷாட்கன் பட்டறைகளைச் சேர்த்து டியார்ம் என்று ஒரே பெரிய கம்பெனியாக்கிப் பார்த்தார்கள். பெரிதாக்கினால் பிழைக்கும் என்ற எண்ணம். சில வருஷம்கூடத் தாங்கவில்லை. ஆ-இ-ஆ என்ற பட்டறை அதிலிருந்து மறுபடி பிரிந்து எழுந்து, வாங்குபவரின் தோள் அளவுக்குக் கையால் பொருத்தும் இரட்டைக் குழல் துப்பாக்கியை இன்றும் செய்கிறது. அப்படி நிற்கிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான்.

மீதித் திறமை எங்கே போயிற்று என்றால், பக்கத்து ஊர் எல்கொய்பார் மெஷின் டூலுக்குப் பெயர் போன ஊராகிவிட்டது. 1954-ல் தொடங்கிய தனோபாத் கிரைண்டிங் மெஷின்கள் அங்கிருந்துதான். கொஞ்சம் தள்ளி மொந்த்ராகோன், 1956-ல் தொழிற்பள்ளி மாணவர்கள் தொடங்கிய கூட்டுறவு, இன்று உலகம் அறிந்த குழுமம். 1969-ல் ஒர்பேயா மூழ்கப்போன நேரத்தில் தொழிலாளர்களே அதைக் கூட்டுறவாக எடுத்துக்கொண்டு, பின்னர் அந்தக் குழுமத்தோடு சேர்ந்தார்கள். எய்பார் கால்பந்து அணியை இன்றும் "ஆர்மெரோஸ்", அதாவது துப்பாக்கிக் கொல்லர்கள், என்றுதான் கூப்பிடுகிறார்கள். 2014-ல் அந்தச் சின்ன ஊர் அணி ஸ்பெயினின் முதல் டிவிஷனுக்கு ஏறியபோது, விதிப்படி மூலதனம் காட்டுவதற்காக உலகம் முழுக்கச் சாதாரண ஆட்களிடம் சின்னச் சின்னப் பங்காக விற்றுப் பணம் திரட்டினார்கள்.

நம்ம கணக்கு

கொங்கு நாட்டுக்கு ஆயுதத்தோடு உறவே இல்லை என்று சொல்ல முடியாது. நொய்யல் கரையில் கொடுமணலில் ஈராயிரம் வருஷத்துக்கு முந்தைய இரும்பு, எஃகு உலைகள் தோண்டி எடுத்திருக்கிறார்கள். தீரன் சின்னமலை ஓடாநிலையில் பீரங்கி செய்ததாக ஊரில் சொல்வார்கள். 1805-ல் அவரைச் சங்ககிரி மலையில் தூக்கிலிட்டதோடு அந்தப் பட்டறையும் முடிந்தது. குன்னூர் பக்கம் அருவங்காட்டில் நூறு வருஷம் தாண்டிய வெடிமருந்து ஆலை இருக்கிறது, ஆனால் அது சுவருக்குள் இருக்கிற அரசு ஆலை, அதைச் சுற்றிக் கீழே சமவெளியில் பட்டறைகள் முளைத்தன என்று நான் சொல்ல மாட்டேன்.

நம்ம பட்டறைகள் வந்தது பஞ்சாலையிலிருந்து. 1888-ல் ஸ்டேன்ஸ் மில், பிறகு வரிசையாக மில்கள், 1930-களில் பைக்காரா மின்சாரம். மில் மெஷின் ரிப்பேர் பார்த்த ஷாப் ஸ்பேர் செய்தது, ஸ்பேர் செய்தவர் முழு மெஷின் செய்தார். 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செய்தார்கள், அதிலிருந்து பம்ப், அதிலிருந்து கிரைண்டர், அப்புறம் வண்டி பாகங்கள். 1926-ல் பி.எஸ்.ஜி. அறக்கட்டளை, அதை ஒட்டி வந்த தொழிற்பள்ளியும் பாலிடெக்னிக்கும், பிறகு 1951-ல் இன்ஜினியரிங் கல்லூரி. எய்பார் செய்ததை நாமும் வேறு சாமானில் செய்துதான் வந்திருக்கிறோம். குஜராத்துப் பம்ப் விலையில் அடித்தபோது நம்ம ஆட்கள் தாக்குப்பிடித்ததே ஒன்று போனால் இன்னொன்று கடையத் தெரிந்ததால்தான்.

அதனால் டிஃபென்ஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரட்டும், செய்வோம். ஆனால் இதில் வாங்குகிறவர் ஒருத்தர். நேராக வாங்கினாலும், 2021-க்குப் பிறகு கம்பெனிகளாகப் பிரிந்த பழைய ஆர்டினன்ஸ் ஆலைகள் (அரசு ஆயுத ஆலைகள்) வழியாக வாங்கினாலும், கடைசியில் காசு வருவது ஒரே கஜானாவிலிருந்து. ஒப்புதலுக்கு மாதக்கணக்கு, சில சமயம் வருஷக்கணக்கு, லாட் சின்னது, அடுத்த லாட் எப்போது என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். அதற்கென்று ஐந்து அச்சில் நகர்ந்து வெட்டும் ஐந்தச்சு மெஷினைக் கடனில் இறக்கி, பழைய பம்ப் கஸ்டமரை விட்டுவிட்டுக் காத்திருந்தால் 1918-ல் எய்பாரில் பூட்டுப் போட்ட பட்டறைகளின் நிலைமைதான். கடன் வாங்குவதற்கு முன்னால் இந்த மெஷினில் வேறு என்ன ஓடும் என்று ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். மருத்துவ உபகரணம் ஓடுமா, பம்ப் இம்பெல்லர் ஓடுமா, மில் ஸ்பிண்டில் பாகம் ஓடுமா. ஓடாது என்றால் அந்த மெஷின் வேண்டாம்.

கேஜுக்கும் இதே நியாயம். பம்ப் சோதிக்க நம்ம தொழில்காரர்கள் சேர்ந்து சிட்டார்க் பரிசோதனைக் கூடம் வைத்தார்கள், அதனால்தான் முத்திரை வாங்க வேறு ஊருக்கு லாரி ஏற்றாமல் பிழைத்தோம். திரெட் கேஜ், பிளக் கேஜ், உலோகச் சோதனை, கடினத்தன்மைச் சோதனை எல்லாம் டிஃபென்ஸ் அளவுக்கு ஒரே இடத்தில், எந்தச் சின்ன ஷாப்பும் கட்டணம் கட்டி நுழைகிற மாதிரி, வாங்குபவரும் ஏற்கிற முத்திரையோடு வேண்டும். அது இல்லாமல் ஆளுக்கு ஒரு கேஜ் வாங்கி ஆளுக்கு ஓரிடத்தில் காலிபரேட் பண்ணிக்கொண்டிருந்தால், நாமும் பீஸில் இரண்டெழுத்துக் குறி குத்திக்கொண்டு, ஒருத்தர் சாமான் இன்னொருத்தர் சாமானில் உட்காராமல் நிற்போம். பையன்கள் விஷயமும் அவசரம். டர்னர் அண்ணன் மாதிரி ஆட்கள் இன்னும் சில வருஷத்தில் ஓய்வுக்குப் போய்விடுவார்கள், ஐ.டி.ஐ. முடித்து வருகிறவன் மைக்ரோமீட்டரை கிளாம்ப் மாதிரி முறுக்குகிறான், அது அவன் தப்பு இல்லை, அவன் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்க ஷாப்பில் யாருக்கும் நேரமில்லை.

வாரப்பட்டி நிலத்தில் யாருக்கு எத்தனை சென்ட் என்ற பேச்சு அடுத்த கூட்டத்தில் கட்டாயம் வரும். அப்போது கேஜ் ரூமுக்கும் பயிற்சிக் கூடத்துக்கும் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று யாராவது எழுந்து கேட்க வேண்டும். யாரும் கேட்காவிட்டால் நான் கேட்கப் போகிறேன்.